மணிக்கு 38 ரூபாய் 46 காசு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதும் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் 26 வாரப் பிரசவ விடுப்பு முடியப் போகிறது. பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வரச் சம்மதித்திருக்கிறார். காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை, ஞாயிறு மட்டும் லீவு. "பத்தாயிரம் போதும், அதுக்கு மேல கொடுத்து ரேட்டை ஏத்தி விடாதே" என்று உங்கள் அடுக்குமாடியில் சொல்கிறார்கள் என்றாய்.

பத்தாயிரம் என்று கேட்டால் பெரிய தொகைபோல இருக்கிறது. அதை மணிக்கணக்காக்கிப் பார். நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள். 260 மணி நேரம். வகுத்தால் 38 ரூபாய் 46 காசு. தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வரையறுத்தபோது மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை வைத்தது. அது இதற்குக் கீழே இறங்காதே என்று போட்ட கோடு. இத்தனை வருடம் கழித்து, அரிசியும் கேஸும் வீட்டு வாடகையும் ஏறிய பிறகு, அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டு நியாயமான சம்பளம் என்கிறார்கள் உன் அக்கம்பக்கத்தார்.

அப்படியானால் எது நியாயம்? நீ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விவரத்திலேயே விடை இருக்கிறது. அந்த அக்கா இப்போது மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, கூட்டித் துடைக்கிறார். வீட்டுக்கு 3,000. காலை ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுவார். அதாவது 130 மணி நேரத்துக்கு 9,000. உன் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அந்த மூன்று வீடுகளையும் அவர் விட வேண்டும். மதியம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருப்பதையும் விட வேண்டும். இரண்டு மடங்கு நேரத்தைக் கேட்டுவிட்டு ஆயிரம் ரூபாய்தான் கூட்டிக் கொடுக்கிறாய். இப்போது வாங்கும் அதே கணக்கில் கொடுத்தாலே 18,000 ஆகிறது.

இங்கே ஒரு வாதம் வரும். "பாத்திரம் தேய்க்கிறது கஷ்டமான வேலை. இது சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிறதுதானே, பாப்பாதான் பாதி நேரம் தூங்குதே" என்பார்கள். இந்தப் பேச்சை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன், ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. உன் மகள் தூங்கும்போது அந்த அக்கா எழுந்து வெளியே போய்விட முடியுமா? தான் கண்ணயர முடியுமா? இரவுக் காவலரின் கண் முன்னால் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக யாரும் அவர் சம்பளத்தைப் பிடிப்பதில்லை. தவழத் தொடங்கும் பிள்ளை சுவிட்ச் பெட்டிக்கும் பாத்ரூம் வாளிக்கும் போகாமல் பத்து மணி நேரம் பார்ப்பது என்ன வேலை என்று இந்த ஆறு மாதத்தில் உனக்கே தெரிந்திருக்கும்.

உன் சம்பளத்தில் 18,000 கட்டுபடியாகாமல் இருக்கலாம். அது குற்றமில்லை. அப்போது நேரத்தைக் குறை. மணிக்கூலியில் கை வைக்காதே. உன் கணவர் ஆபீஸ் போவது பத்தரைக்கு என்றால், அதுவரை பிள்ளை அவரிடம் இருக்கட்டும். எட்டு மணி நேரத்துக்கு அதே கணக்கில் 14,400 வருகிறது. இன்னொன்றையும் விசாரி. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. உன் அலுவலகத்தில் கேட்டாயா?

தொகையோடு முடிவதில்லை. உன் அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போனோம். திரும்பி வந்து, அவனைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்குப் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த மாதம் அவர் வாடகைக்குக் கடன் வாங்கியதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். ஊருக்குப் போனது நான்; அவர் வேலைக்கு வரத் தயாராகவே இருந்தார். இன்று நினைத்தாலும் நெஞ்சில் உறுத்துகிறது. நீ லீவு போட்டு வீட்டில் இருக்கும் நாளுக்கும், ஊருக்குப் போகும் நாளுக்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடு. மாதம் இரண்டு நாள் அவருக்கும் சம்பளத்தோடு லீவு கொடு. அவருக்கும் காய்ச்சல் வரும். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். ஆறரை ஏழரையானால் அந்த ஒரு மணிக்கும் காசு. மீட்டிங் உன்னுடையது, பஸ்ஸைத் தவறவிடுவது அவர்.

பாப்பாவின் துணி, பாப்பாவின் பாட்டில், பாப்பாவின் சாப்பாடு அவர் வேலை. சிங்க்கில் கிடக்கும் உங்கள் இரவுப் பாத்திரம் அவர் வேலை இல்லை. "சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ஞ்சிடுங்க" என்று தொடங்கினால் மூன்றாம் மாதத்தில் முழுச் சமையலும் அவர் தலையில் வந்துவிடும். செய்யச் சொல்வதானால் அதற்குத் தனியாகக் கொடு. பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி வெச்சிருக்கோம்" என்ற பேச்சை மட்டும் நீ பேசாதே. சம்பளத்தைக் குறைக்க இதைவிட இனிப்பான வார்த்தை நம் வீடுகளில் கிடையாது. பிரியம் தானாக வரும், வரட்டும். நீ குடிக்கும் தம்ளரிலேயே அவருக்கும் காபி கொடு, நாற்காலியில் உட்காரச் சொல், அக்கா என்று கூப்பிடு. இவை சம்பளத்தில் சேராது.

ரேட்டை ஏற்றி விடுகிறாய் என்று அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். திங்கட்கிழமை அந்த அக்கா பேச வரும்போது, "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்காதே. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் குறைத்துத்தான் சொல்வார். தொகையை நீயே முதலில் சொல்லிவிடு, கண்ணம்மா.

அன்புடன்,
பெரியம்மா