பிரசவ வலியின் கட்டங்கள்: வீட்டிலிருந்து எப்போது புறப்படுவது?

முகாமில் இருந்தபோது இரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், ஒரு சத்தம் போட்டாலே பக்கத்துக் கொட்டில்களில் இருந்து நாலு பேர் ஓடி வருவார்கள். இப்போது புது வீட்டின் திறப்பு உங்கள் கையில் இருக்கிறது. சுவரும் கதவும் உண்டு. ஆனால் அடுத்த வீட்டில் யார், ஓட்டோ எங்கே நிற்கும், பெரிய பிள்ளைகளை இரவில் யாரிடம் விட்டுப் போவது என்பதெல்லாம் இன்னும் தெரியாது. இந்தப் பாடத்தைக் கர்ப்பிணித் தாய் மட்டும் வாசித்தால் போதாது. கணவர், உம்மா, மாமி எல்லோரும் இருக்கும்போது ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

வீடு மாறினால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரும் மாறுவார். நாம் மிட்வைப் என்று அழைக்கும் அவருக்கு ஒரு குறித்த பிரிவு உண்டு. பழைய பிரிவில் உங்கள் பெயர் இருந்தும் புதிய பிரிவில் பதியாவிட்டால், உங்களைத் தேடி எவரும் வரமாட்டார்கள். ஆகவே குடிவந்த வாரத்திலேயே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கோ கிளினிக்குக்கோ போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

இப்போதைய கர்ப்பத்தின் அட்டை உங்களிடம் இருக்கும். முந்திய பிரசவங்களின் அட்டைகள் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயிருக்கலாம். அவற்றில் இருந்ததை வாயால் சொல்லியாவது எழுதுவியுங்கள். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பிறந்ததா, பிறந்த பின் இரத்தம் கூடுதலாகப் போனதா, பிரசர் இருந்ததா, இரத்த வகை என்ன என்பவைதான் முக்கியம். முன்பு சத்திரசிகிச்சை நடந்த தாய் வலிக்காக வீட்டில் காத்திருக்கக்கூடாது. எந்த நாளில் வாட்டில் சேர வேண்டும் என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

முதலாம் கட்டம்: கருப்பை வாய் திறத்தல்

நீண்ட நேரம் எடுப்பது இந்தக் கட்டம்தான். வீட்டில் இருப்பவர்கள் முடிவெடுக்க வேண்டியதும் இப்போதுதான். கருப்பை இறுகித் தளரும்போது அதன் வாய் சிறிது சிறிதாக மெலிந்து திறக்கிறது. 10 சென்ரிமீற்றர் திறந்தால்தான் பிள்ளையின் தலை வெளியே வரலாம்.

தொடக்கத்தில் வலி விட்டு விட்டு வரும். இடுப்பில் தொடங்கி முன்பக்கம் இறங்கும். இரத்தம் கலந்த சளி போன்ற கசிவும் காணலாம். முதற்பிள்ளை என்றால் இந்த மெதுவான பகுதி ஒரு நாளுக்கு மேலும் போகலாம், பயப்பட வேண்டாம். எழுந்து நடந்தாலோ, குளித்துவிட்டுச் சாய்ந்தாலோ வலி அடங்கிப் போனால் அது பொய்வலி. நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல், இடைவெளி குறைந்து, ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டு வந்தால் அது பிரசவ வலி. மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு வலி தொடங்கியதில் இருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று ஒரு துண்டில் குறிக்கச் சொல்லுங்கள். கணவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை.

முதற்பிள்ளை என்றால், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமளவில், ஒரு மணித்தியாலமாகத் தொடர்ந்து வலி வரும்போது புறப்படலாம். இது வைத்தியசாலை கிட்ட உள்ளவர்களுக்கான கணக்கு. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தவர்களுக்கு அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அதிக தூரமில்லை. பொத்துவில் பக்கம் குடியேறியவர்களும், இரவில் வாகனம் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களும் ஒழுங்கான வலி தொடங்கியதுமே வெளிக்கிட வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உண்மையில் பிந்திப் புறப்படுவது முதற்பிள்ளைக்காரி அல்ல, நாலு பெற்ற தாய்தான். சோறு ஆக்கி, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பார். ஆனால் அடுத்தடுத்த பிரசவங்களில் கருப்பை வாய் விரைவாகத் திறக்கும். வலி 10 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக வரத் தொடங்கினால் சோற்றை வேறு யாராவது பார்க்கட்டும்.

வலி இருக்கிறதோ இல்லையோ, உடனே புறப்பட வேண்டிய நேரங்களும் உண்டு. பன்னீர்க்குடம் உடைந்தால், அதிலும் நீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், தாமதிக்கவே கூடாது. இரத்தம் போதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், கடும் தலையிடி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன்பே வலி வருதல் ஆகியவையும் அப்படித்தான்.

வீட்டில் இருக்கும் நேரத்தில் நடக்கலாம், சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்கலாம், இடப்பக்கம் சாய்ந்து படுக்கலாம். மல்லாந்து படுப்பது நல்லதல்ல. வலி வரும்போது மூச்சை அடக்காமல் மெதுவாக வெளியே விடுங்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்படாதவர்கள் கஞ்சி, இளநீர், தண்ணீர் குடிக்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலம் கழியுங்கள், நிறைந்த சலப்பை பிள்ளை இறங்குவதைத் தடுக்கும். வலியைக் கூட்டுவதற்கென்று ஆமணக்கெண்ணெய் கொடுப்பதும் வயிற்றை அமுக்கித் தடவுவதும் வேண்டாம். மூத்தம்மாமார் வீட்டில் பெற்றுப் பிழைத்தார்கள் என்பது மெய். பிழைக்காதவர்களின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை என்பதும் மெய்.

இரண்டாம் கட்டம்: பிள்ளை பிறத்தல்

கருப்பை வாய் முழுதாகத் திறந்த பின் மலம் கழிக்க வருவது போன்ற முக்கும் உணர்வு தானாக வரும். அதற்கு முன்னர் முக்கினால் தாய்க்குக் களைப்புத்தான் மிஞ்சும். எப்போது முக்குவது என்று அருகில் நிற்பவர் சொல்வார். முதற்பிள்ளைக்கு இது சிலவேளை 3 மணித்தியாலம் வரை செல்லும், அடுத்த பிள்ளைகளுக்குக் குறைவு.

ஆண் வைத்தியர் இருப்பாரோ என்ற கூச்சத்தால் வைத்தியசாலைக்குப் பிந்திப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். பிரசவ அறையில் பெரும்பாலும் கூட நிற்பவர்கள் பெண் மருத்துவ மாதுக்களே. உங்கள் விருப்பத்தையும், துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்களா என்பதையும் கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அந்த நாள் பிரசவ வலியோடு திரும்பி வரலாம். அழுகை வந்தால் அழுங்கள். காரணத்தை மருத்துவ மாதுவிடம் ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள், அவர் உங்களைத் தனியே விடமாட்டார்.

மூன்றாம் கட்டம்: நச்சுக்கொடி வெளியேறல்

பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் வெளியே நிற்பவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். தாய்க்கு ஆபத்துக் கூடிய நேரம் இனித்தான். நச்சுக்கொடி பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் வெளியேறும். அதன் பின் கருப்பை இறுகாவிட்டால் இரத்தம் நிற்காது. இறுகுவதற்காகவே பிறந்தவுடன் ஊசி போடுகிறார்கள். வீட்டில் பிரசவம் நடந்தால் இந்த ஊசியும் இல்லை, ஏற்ற இரத்தமும் இல்லை. வைத்தியசாலைக்குப் போங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான். உங்கள் இரத்த வகை உள்ள இரண்டு உறவினரை முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள்.

பிள்ளையை முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போடுங்கள். பால் சப்பும்போது கருப்பையும் இறுகும். சீனித்தண்ணீர் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடாது.

இன்றே ஒழுங்கு செய்யுங்கள்

ஒரு பொலித்தீன் பையில் கிளினிக் அட்டை, அடையாள அட்டை, கொஞ்சம் பணம் போட்டு உயரத்தில் வையுங்கள். இன்னொரு பையில் தோய்த்துக் காயவைத்த பழைய சாரன் துணிகள், பிள்ளைக்கு உடுப்பும் தொப்பியும், பிளாஸ்க், கோப்பை இருக்கட்டும். கணவர் கடலுக்கோ வயலுக்கோ போயிருக்கும் நாளில் யார் கூட வருவார் என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். ஓட்டோக்காரர் இருவரின் வீட்டை அறிந்து வையுங்கள், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர். இரவில் சோதனைச் சாவடியில் மறித்தால் கிளினிக் அட்டையையும் அடையாள அட்டையையும் காட்டுங்கள்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். வைத்தியசாலையில் கேட்கும்போது பழைய முகவரியைச் சொல்லிவிடாதீர்கள். வீடு திரும்பிய முதல் 10 நாட்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் தாயையும் பிள்ளையையும் பார்க்க வருவார். புதிய வீட்டுத்திட்டங்களில் இலக்கம் ஒழுங்காகப் போடப்படாமலும் இருக்கலாம். பள்ளிவாசலில் இருந்து எத்தனையாவது ஒழுங்கை, எத்தனையாவது வீடு என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.