சர்வரை டெபியனுக்கு மாற்றுவோர் கவனத்திற்கு

சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிவுற்றுவிட்டபடியால், அலுவலக சர்வரை டெபியனுக்கு மாற்றச் சித்தமாயிருப்போர், பழைய இயந்திரத்தின் மீதே புதியதை நிறுவும் சாகசத்தை விடுத்து, வேறோர் இயந்திரத்தில் யாவற்றையும் நிர்மாணித்துப் பரீட்சித்த பின்னரே மாறுவது உசிதம்.

விசேஷ ஜாக்கிரதை வேண்டுவது தரவுத்தளத்தில். ஜிலிப்சி நூலகத்தின் 2.28-ஆம் பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் பெரிதும் மாறிவிட்டமையாலும், சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பே என்பதாலும், போஸ்ட்கிரஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், எச்சரிக்கை ஏதுமின்றியே இண்டெக்ஸ்கள் பழுதாகக்கூடும். பேரிடி விழுந்தால் சத்தமாவது கேட்கும், இதில் அதுவும் இல்லை. ஆகையால் பிஜி டம்ப் கருவி மூலம் தரவை எடுத்துப் புதிய இடத்தில் மீட்டுக்கொள்வதே க்ஷேமம்.

அப்பாச்சியின் பயனர் பெயரும் மாறுமாதலால் கோப்புகளின் உரிமையைத் திருத்துங்கள். கிரான் பணிகளையும் கொண்டுசெல்ல மறவாதீர்கள். டிஎன்எஸ் டிடிஎல்லை, மாறுவதற்கு முந்தைய தினமே 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள்.