பொதிகை உச்சியில் ஒரு இயற்பியல் பாடம்



முதல் செமஸ்டரில் இயற்பியல் எனக்கு அரியர். காற்றழுத்தமானிக் கணக்கில்தான் விழுந்தேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் இல்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்த இடம், அகத்தியர் மலை.

1868 மீட்டர் உயரமுள்ள இம்மலைக்குக் கேரள வனத்துறையின் அனுமதி பெற்று, பொனக்காட்டிலிருந்து நடந்தோம். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். கால் வழுக்கினால் தீர்ந்தது கதை!

உச்சியில் அகத்தியரைக் கும்பிட்டு நின்றபோது, நண்பன் செல்போனில் காற்றழுத்தத்தைக் காட்டினான்: 813 மில்லிபார். கன்னியாகுமரி கடற்கரையில் 1010 காட்டியிருந்தது. காற்றும் நம் தலைமேல் இருக்கிற சுமைதான். ஏற ஏற மேலே உள்ள காற்று குறையும், சுமையும் குறையும். கடல்மட்டத்தை ஒட்டி, சுமார் 9 மீட்டருக்கு 1 மில்லிபார் குறைகிறது. வித்தியாசம் 197. ஒன்பதால் பெருக்கினால் 1773 மீட்டர். மீதி 95 மீட்டர் எங்கே போச்சு? மேலே காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே 1 மில்லிபார் குறைய 9 மீட்டருக்கும் கூடுதலாக ஏற வேண்டும். காற்றழுத்தம் குறைவதால் உச்சியில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்தப் பாடத்துக்கு வயது அதிகம். திருவனந்தபுரம் வானிலை ஆய்வகத்தின் இயக்குநராக 1852-ல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், 1855-ல் இதே உச்சியில் ஓர் ஆய்வகம் அமைத்தார். செலவு திருவிதாங்கூர் அரசுடையது. 1949 வரை நம் மாவட்டமும் அந்த நாட்டைச் சேர்ந்ததுதானே! பாதரசமோ தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அதை அடைத்திருப்பதோ கண்ணாடிக் குழாய்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சந்தையில் மூட்டை சுமக்கிறவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மக்களே, அந்தக் கண்ணாடியை யாருலே சுமந்து ஏத்துனா? கனம் பெரிசில்ல, உடையாம கொண்டு சேக்கதுதான் பாடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காட்டில் வழி வெட்டியவனும், கண்ணாடி உடையாமல் சுமந்து ஏறியவனும் இல்லாமல் அந்த அளவீடு ஒன்றுகூட இல்லை. காற்றின் சுமையைக் கணக்குப் போட்டேன். தோளின் சுமையை அப்பா சொல்லித்தான் நினைத்தேன்.

தோழர்களே, ஆய்வகத்தில் கருவியைத் தொடும்போது அந்தத் தோள்களையும் நினைப்போம். வருகிற தேர்வில் அரியரை எழுதுகிறேன். இந்தத் தடவை கணக்கு தப்பாது!