கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்த உன் வயதுக்காரர்கள் பலர் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். சில்க் போர்டு சந்திப்பில் நகராத பஸ், மீட்டருக்கு மேல் 'ஒன் அண்ட் ஹாஃப்' கேட்கும் ஆட்டோ, பிஜியில் காலை ஏழு மணிக்கு நின்றுபோகும் தண்ணீர் என்று அன்றாடம் எரிச்சல் மூட்டியவற்றை எல்லாம் அதில் குறித்து, இதில் எது தொழிலாகும் என்று தேடுகிறார்கள். நல்ல பழக்கம். இந்த ஊரின் பெயர்பெற்ற நிறுவனங்கள் சில அப்படிப்பட்ட எரிச்சலில்தான் பிறந்தன. ஆனால் அவற்றின் கதையைச் சொல்பவர்கள் எரிச்சல் வந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். உனக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

2005 தீபாவளியை எடுத்துக்கொள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பொறியாளராக இருந்த பணீந்திர சாமா, ஹைதராபாத் பஸ்ஸுக்கு டிக்கெட் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. அந்த வாரம் பெங்களூருவில் அப்படித் தவித்தவர் எத்தனையோ பேர். திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த பண்டிகைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்பினார்கள். சாமா டிராவல்ஸ் ஏஜென்ட்டிடம் திரும்பிப் போனார், இந்த வியாபாரம் எப்படித்தான் நடக்கிறது என்று கேட்க.

கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. எந்த பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்பது ஏஜென்ட்டுக்கே தெரியாது. ஆள் வந்து நின்றதும் தனக்குப் பழக்கமான டிராவல்ஸ்காரர்கள் சிலருக்கு அவர் போன் போடுவார். எதிர்முனையில் இருப்பவர் காகிதச் சார்ட்டைப் பார்த்து பதில் சொல்வார். பண்டிகை நாளில் அந்த போன் கிடைக்கவே கிடைக்காது. ஒரு ஏஜென்ட் 'சீட் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவருக்குத் தொடர்பில்லாத இன்னொரு பஸ் கடைசி வரிசை காலியாகவே கிளம்பிப் போகும். ஊரிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை இங்கேயே எடுப்பதும் பெரும்பாடு. பயணியின் எரிச்சலும் பஸ் முதலாளியின் நஷ்டமும் ஒரே காகிதச் சார்ட்டிலிருந்துதான் வந்தன. இரண்டு பக்கமும் போய் நின்று பார்க்காதவருக்கு இது தெரிந்திருக்காது.

பிட்ஸ் பிலானியில் உடன் படித்த சரண் பத்மராஜு, சுதாகர் பசுபுனூரி இருவரோடும் சேர்ந்து அவர் மென்பொருள் எழுதினார். டிராவல்ஸ்காரர்களுக்கே கொடுத்துவிட்டால் காகிதம் ஒழியும் என்பது திட்டம். அவர்கள் வேண்டாம் என்றார்கள். இந்தக் கதையில் உனக்கு அதிகம் பயன்படும் இடம் இதுதான், ஊன்றிப் படி. ஆண்டுக்கணக்காகப் பழகிய சார்ட்டையும் போனையும் விட்டுவிட்டுப் புதிய இயந்திரத்தை ஏன் நம்ப வேண்டும் என்று அவர்கள் யோசித்ததில் தவறே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது கூடுதலாக நாலு பயணிகள். தொழில்முனைவோருக்கான டை அமைப்பின் வழிகாட்டிகளுடைய யோசனைகளைக் கேட்டுக்கொண்டு, நண்பர்கள் பாதையைத் திருப்பினார்கள்: மென்பொருள் விற்பதை ஒத்திவைத்துவிட்டு டிக்கெட் விற்க இறங்கினார்கள். 2006 ஆகஸ்டில் ரெட்பஸ் தொடங்கியது. டிக்கெட் விற்றுக் காட்டி நம்பிக்கை வந்த பிறகு, அதே டிராவல்ஸ்காரர்கள் சீட்டுகளை நிர்வகிக்கும் மென்பொருளையும் வாங்கிக்கொண்டார்கள். 2013-இல் இபிபோ குழுமம் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது.

அதே 2005-இல் நகரின் இன்னொரு மூலையில் எரிச்சல் சமையலறையிலிருந்து கிளம்பியது. அரிசி ஊறவைத்து, உளுந்து ஊறவைத்து, அரைத்து, பெங்களூரு குளிரில் மாவு பொங்குமா பொங்காதா என்று காத்திருக்கும் கவலை நம் வீடுகளில் புதிதல்ல. அரைத்த மாவைக் கடைகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன, சாதாரண பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் பேண்டால் கட்டி. எப்போது அரைத்தது, என்ன தண்ணீர் என்று வாங்குபவருக்குத் தெரியாது. மளிகைக் கடை நடத்திய உறவினர் ஒருவர் இதைக் கவனித்துச் சொல்ல, வயநாட்டிலிருந்து வந்த பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் திப்பசந்திராவில் ஐம்பது சதுர அடி அறையில் கிரைண்டர் வைத்துத் தொடங்கியதுதான் ஐடி ஃப்ரெஷ். நாளொன்றுக்கு நூறு பாக்கெட் என்பதுதான் முதல் இலக்கு. அதை எட்டவே பல மாதங்கள் பிடித்தன.

ஏன் என்று யோசித்துப் பார். மாவு உயிருள்ள சரக்கு. பாக்கெட்டுக்குள் போன பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். வாயு உண்டாகிப் பை உப்பும். வெயில் ஏறினால் மறுநாளே புளிப்பு முற்றிவிடும். விற்காத பாக்கெட் கடைக்காரர் தலையில் விழும் என்றால் அவர் ஏன் பிரிட்ஜில் இடம் கொடுக்கப்போகிறார்? எந்தத் தெருவில் எந்தக் கிழமை எத்தனை பாக்கெட் போகும் என்று கணித்து தினமும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் முதுகெலும்பு. இல்லத்தரசியின் சிரமத்தைப் புரிந்துகொண்டவர்கள் நாட்டில் கோடிப்பேர் இருப்பார்கள். மளிகைக் கடைக்காரருடைய பயத்தையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர்களே மாவை விற்க முடிந்தது. வடை மாவைப் பிதுக்கினால் நடுவில் ஓட்டையோடு விழும்படி அந்த நிறுவனம் ஒரு பையைப் பின்னாளில் கொண்டுவந்தது. ஓட்டை போடத் தெரியாமல் வடை சுடுவதையே விட்டுவிட்ட ஒரு தலைமுறையை அது கவனித்திருக்கிறது.

உனக்கு இன்னும் பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். ஓசூரில் தொழிற்சாலை உள்ள நிறுவனம் என்பதால் பெயர் உனக்குப் பழக்கமாயிருக்கும். 1970-களில் டி.டி. ஜகந்நாதன் குடும்ப நிறுவனங்களின் பொறுப்பை ஏற்றபோது, பிரஸ்டீஜ் குக்கர் வெடிக்கிறது என்ற புகார் எழுந்தது. சமையலறைக் கூரையில் பருப்பு அப்பிக்கொள்வதோடு முடிகிற சங்கதி அல்ல அது. பக்கத்தில் நிற்பவருக்கு உயிர் பயம். ஐஐடி மெட்ராஸில் படித்த அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தவில்லை. விற்பனையாளர்களைத் தேடிக் கடைகளுக்கே போனார். குக்கரில் குறையில்லை; உருகி ஆவிக்கு வழிவிட வேண்டிய சேஃப்டி வால்வு தேய்ந்ததும், மக்கள் மலிவான போலி வால்வை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. வெயிட் வைக்கும் துளையில் சோறு அடைத்து, போலி வால்வும் உருகாவிட்டால் ஆவிக்கு வெளியேற வழியே இல்லை.

'அசல் உதிரிபாகம் மட்டுமே வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். மக்கள் போலியைத்தான் வாங்குவார்கள் என்பதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டு தீர்வு தேடினார். மூடியின் விளிம்பில் ஒரு சிறு இடைவெளி விட்டார். அழுத்தம் எல்லை மீறினால், எப்படியும் மூடியில் இருந்தே தீர வேண்டிய ரப்பர் கேஸ்கெட் அந்த இடைவெளி வழியே பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். மாற்றிப் போடுவதற்குத் தனியாக ஒரு பாகமே கிடையாது. பொறியியலில் இதைவிட மனிதரைப் புரிந்துகொண்ட வேலையைக் காண்பது அரிது.

குப்பையிலும் இதே பாடம் உண்டு. 2012 முதல் 2014 வரை மண்டூர் மக்கள், பெங்களூருவின் குப்பை லாரி எங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று போராடினார்கள்; கடைசியில் அங்கிருந்த குப்பைக் கிடங்கு மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2006-இல், வடிவமைப்பாளர் பூனம் பீர் கஸ்தூரி 'டெய்லி டம்ப்' தொடங்கியிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மண்பானைகள். அதற்குக் 'கம்பா' என்று பெயர். சமையலறைக் கழிவு நாறுவது காற்றில்லாமல் அழுகுவதால். காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ கலந்து காற்று விட்டால் நாற்றமில்லாமல் எருவாகும். பானை குயவர்களுக்கு வேலை கொடுத்தது. அந்த வடிவத்தை மற்றவர்களும் செய்துகொள்ளட்டும் என்று அவர் திறந்தே வைத்தார்.

இனி ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். எரிச்சல் உண்மையாக இருந்தும் தொழில் நிற்காமல் போகலாம். 2014-இல் ஒரு வாட்ஸ்அப் குழுவாகத் தொடங்கிய டன்ஸோ, 'வீட்டில் மறந்த சாவியை எடுத்து வா, மருந்து வாங்கி வா' என்ற சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொடுத்தது. பெங்களூருவில் அதன் பெயர் வினைச்சொல்லாகவே புழங்கியது. கூகுள் முதலீடு செய்தது. 2022-இல் ரிலையன்ஸ் ரீடெய்லும் பெரும்தொகை போட்டது. 2025 தொடக்கத்தில் அது நின்றுபோனது. போக்குவரத்து நெரிசலில் ஒருவர் வண்டி ஓட்டிப் போய்வர ஆகும் செலவும், மறந்த சாவிக்கு வாடிக்கையாளர் தர விரும்பும் தொகையும் எளிதில் சந்திப்பதில்லை. உன் நோட்டில் ஒவ்வொரு எரிச்சலுக்கும் பக்கத்தில், இதைத் தீர்க்க யார் எவ்வளவு தருவார் என்று ஒரு தொகையை எழுதிவை. தொகை எழுத முடியாதவற்றை அடித்துவிடு.

ஒருவர் எரிச்சலை இன்னொருவர் முதுகுக்கு மாற்றிவிடும் தொழில்களும் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் பால் வருகிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தின் பதற்றத்தை ஹெல்மெட் போட்ட ஒரு பையன் சுமக்கிறான். செயலிவழித் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்காகக் கர்நாடகம் 2025-இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆட்டோ விஷயத்தில் வேறு வழியும் தெரிந்தது. டிரைவர் ஏன் சவாரியை ரத்து செய்கிறார், ஏன் கூடக் கேட்கிறார் என்று பார்த்தால், செயலிகள் எடுக்கும் கமிஷன் அவர் பக்கத்து எரிச்சலாக இருந்தது. 2022 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஜஸ்பே நிறுவனமும் சேர்ந்து 'நம்ம யாத்ரி'யைக் கொண்டுவந்தன. சவாரிக்குக் கமிஷன் கிடையாது. பின்னர் நாளுக்கு 25 ரூபாய் என்ற சந்தா வந்தது. தெருவின் எல்லாச் சண்டையும் அதனால் தீரவில்லை. ஆனாலும் ஓட்டுநரோடு சேர்ந்து யோசித்ததால்தான் அது ஓடியது.

உன் நோட்டில் தண்ணீர் டேங்கரும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி டேங்கர் விலை எகிறியபோது, மாவட்ட நிர்வாகம் 6,000 லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய் என்று விலை கட்ட வேண்டிவந்தது. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் போடுவது அரசின் வேலை, அதில் உன் தொழில் இல்லை. வர்த்தூர் பக்கம் போர்வெல்லில் லாரி நிரம்பக் காத்து நிற்கும் டிரைவரோடு ஒரு நாள் உட்கார். தண்ணீர் தீர்ந்ததும் யார் யாருக்கோ போன் போடும் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரோடு ஒரு நாள் உட்கார். போனில் யார் சொல்வதை யார் நம்புகிறார், லாரி எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது, வந்த தண்ணீர் எந்தக் கிணற்றுடையது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று கேள். அவர்கள் சம்மதித்தால் ஒரு வருட டேங்கர் பில்களை வாங்கிப் புரட்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலிருந்து தொடங்கு.