உயிர்களை உறவாக அறிந்தவர்

நுழையும்முன்

விலங்குகளை விரும்புவோர் பலர். அவற்றை ஆராய்வோர் சிலர். தாம் விரும்பிய உயிர்களையே ஆராய்ந்து, அவற்றுக்கும் மனிதருக்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்தியவர் சார்லஸ் டார்வின். அவர் வளர்த்த நாய்களும் புறாக்களும் அறிவியலுக்குத் துணைநின்ற வகையையும், அன்புக்கும் ஆய்வுக்கும் இடையே அவர் அடைந்த மனப்போராட்டத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மறவாத குற்றம்

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் 1809ஆம் ஆண்டு பிறந்த டார்வின், தம் 67ஆம் வயதில் தன்வரலாறு எழுதினார். சிறுவயதில் ஒரு நாய்க்குட்டியை அடித்த நிகழ்வை அதில் அவர் மறைக்காமல் பதிவுசெய்துள்ளார். தம் வலிமையைக் காட்டி மகிழும் எண்ணமே அதற்குக் காரணம் என்றும் ஒப்புக்கொள்கிறார். அச்செயல் நிகழ்ந்த இடம்கூட முதுமைவரை அவர் நினைவைவிட்டு நீங்கவில்லை.

பின்னாளில் நாய்கள்மீது அவர் பேரன்பு கொண்டார். பிறர் வளர்த்த நாய்களும் அவரிடம் எளிதில் ஒட்டிக்கொண்டன. வேட்டை, நாய்கள், எலி பிடித்தல் ஆகியவற்றைத் தவிர வேறெதிலும் மகனுக்கு நாட்டமில்லையே என்று தந்தை கடிந்துகொண்டதும் உண்டு.

ஐந்தாண்டுகளும் இரண்டு நாள்களும்

பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவந்த டார்வின், 1836ஆம் ஆண்டு அக்டோபரில் வீடு திரும்பினார். அயலாரைக் கண்டால் சீறும் நாய் ஒன்று அங்கிருந்தது. ஐந்தாண்டுகளும் இரண்டு நாள்களும் கழிந்தபின் அது தம்மை நினைவில் வைத்திருக்குமா என்று சோதிக்க அவர் விரும்பினார். அது இருந்த குதிரை லாயத்தின் அருகே சென்று, முன்புபோலவே குரல் கொடுத்தார். நாய் துள்ளிக் குதிக்கவில்லை. அரைமணி நேரத்திற்கு முன் பிரிந்தவரைப் பின்தொடர்வதுபோல் அமைதியாக உடன் நடந்தது. மனிதரிடம் உள்ளதைப் போன்ற நினைவாற்றல் விலங்குகளிடமும் உண்டு என்பதற்கு இந்நிகழ்வை 1871இல் வெளிவந்த தம் நூலில் அவர் சான்றாக்கினார்.

ஜென்னியின் அழுகை

1838ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஜென்னி என்னும் ஒராங்குட்டானை டார்வின் கண்டார். காப்பாளர் ஓர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருந்தார். ஜென்னி மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, அடம்பிடிக்கும் குழந்தையைப் போல் அழுதது. அழுகையை நிறுத்தினால் பழம் தருவதாகக் காப்பாளர் கூறியதும் அது மெல்ல அடங்கியது. பழம் கிடைத்ததும் நாற்காலியில் ஏறி அமர்ந்து மனநிறைவுடன் உண்டது. இக்காட்சியை டார்வின் தம் தமக்கைக்குக் கடிதத்தில் விவரித்தார். மனிதரையும் விலங்கையும் பிரிக்கும் சுவர் அவருள்ளத்தில் அப்போதே தளரத் தொடங்கியிருந்தது.

புறாக்கூண்டும் கோட்பாடும்

கெண்ட் பகுதியின் டவுன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த டார்வின், 1855ஆம் ஆண்டு புறா வளர்க்கத் தொடங்கினார். இலண்டனின் புறா வளர்ப்போர் சங்கங்களிலும் சேர்ந்து, அவர்களது பட்டறிவைக் கேட்டறிந்தார். விசிறி போன்ற வாலுடையவை, தொண்டைப் பையைப் பந்துபோல் ஊதிக்காட்டுபவை, வானில் கரணமடிப்பவை எனப் புறாக்கள் பலவகை. தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்டாலும் அவை அனைத்தும் மாடப்புறா என்னும் ஒரே மூதாதையிலிருந்து தோன்றியவை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். தமக்கு வேண்டிய பண்புடைய பறவைகளை மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவே அவ்வேறுபாடு. இயற்கையிலும் இத்தகைய தேர்வு நிகழ்கிறது என்னும் கருத்தை விளக்க, 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் இயலில் புறாக்களையே முன்னிறுத்தினார்.

ஆயினும் அவ்வறிவுக்கு ஒரு விலை இருந்தது. எலும்புகளை ஒப்பிடப் புறாக்களைக் கொல்ல வேண்டியிருந்தது. பிறந்து பத்து நாளே ஆன குஞ்சுகளைக் கொன்றபோது, அதனைக் கொடுஞ்செயலாகவே கருதி உறவினருக்கு எழுதினார். ஆய்வை அவர் கைவிடவில்லை. உள்ளத்தின் உறுத்தலை மறைக்கவும் இல்லை.

காலடியில் ஒரு சான்று

டார்வின் வீட்டில் பாப் என்றொரு நாய் இருந்தது. உலாவப் புறப்படும்போது அது மகிழ்ச்சியுடன் முன்னே செல்லும். அவர் செடிகளைக் காணக் கண்ணாடிக் குடிலின் பக்கம் திரும்பினாலோ, உலா நின்றுவிடுமோ என்னும் ஏமாற்றத்தில் தலையும் காதும் வாலும் தொங்கிவிடும். குடும்பத்தார் அனைவருக்கும் அம்முகம் பழக்கமானது. 1872இல் வெளிவந்த உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் டார்வின் அதனைப் பதிவுசெய்தார். குட்டிகளை இழந்த பெண் நாயொன்று, தன் தாய்மை அன்பையெல்லாம் அவர் கைகளை நக்கி நக்கித் தீர்த்துக்கொண்டதையும் அந்நூல் கூறுகிறது.

உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வது குறித்து 1875இல் அரசு விசாரணைக் குழு அவரது கருத்தைக் கேட்டது. உடலியங்கியல் வளர அத்தகைய ஆய்வு தேவை என்ற டார்வின், வெற்று ஆர்வத்திற்காக வலி தருவதை வெறுத்தார்.

உறவின் எல்லை

முதுமையில் பாலி என்னும் சிறிய நாய் டார்வினுக்கு இணைபிரியாத் துணையாயிற்று. அவரது படிப்பறையில் கூடையொன்றில் அது படுத்திருக்கும். 1882 ஏப்ரல் 19 அன்று டார்வின் மறைந்தார். அடுத்த சில நாள்களில் பாலியும் இறந்தது. அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பாலி வீட்டுத் தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் புதைக்கப்பட்டது.

மனிதருக்கும் உயர்விலங்குகளுக்கும் இடையிலான மனத்தின் வேறுபாடு அளவில் உள்ளதேயன்றி வகையில் இல்லை என்பது டார்வினின் முடிவு. குடும்பம், இனம், நாடு எனப் படிப்படியாக விரியும் பரிவு, இறுதியில் பிற உயிர்களையும் தழுவ வேண்டும் என்றும் அவர் கருதினார். வலிமையைக் காட்ட நாய்க்குட்டியை அடித்த சிறுவனின் கை, பின்னாளில் மனிதரும் பிற உயிர்களும் ஒரே குடும்பத்தினர் என்று எழுதியது. அறிவின் வளர்ச்சி அன்பின் வளர்ச்சியாகவும் அமையலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள விலங்கு ஒன்றை ஒரு வாரம் உற்றுநோக்கி, அதன் செயல்களைக் குறிப்பேட்டில் பதிவுசெய்க.

2. ‘ஆய்வுக்காக விலங்குகளுக்கு வலி தருவது முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.