பத்திக்கு வெளியே இருக்கும் பாடம்

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அறிவியல் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், முதல் பத்தியில் தொடங்கிக் கடைசிப் பத்தியில் நிறுத்திவிடுவார்கள். துணைத்தலைப்பு, படம், அதன் கீழுள்ள வரி, அட்டவணை எல்லாம் கண்ணில் பட்டும் படாமல் போய்விடும். இவற்றுக்கெல்லாம் என்ன பெயர் என்று கேட்டால் மட்டும் மடமடவென்று ஒப்பிப்பார்கள். பெயர் தெரிந்து ஆவது ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மட்டுமே கிடைக்கிற ஒரு விடையைத் தேடிப் போகவைத்தால்தான் பழக்கம் படியும்.

முதலில் துணைத்தலைப்புகள். பாடத்தைத் தொடங்குமுன் அவற்றை மட்டும் வாசித்து, ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியாக மாற்றச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, சொல்லடைவு. பிள்ளைகள் இங்கே சிக்கிக்கொள்வது புள்ளி எழுத்தில். தமிழ் அகரவரிசையில் மெய் முன்னே வரும், உயிர்மெய் பின்னே வரும். ஆகவே ‘கண்டம்’ முதலில், ‘கணினி’ பிறகு. ஜ, ஸ, ஹ போன்ற எழுத்துகள் எல்லாவற்றுக்கும் கடைசி. இதைப் பழக, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 10 தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை விட நல்ல புத்தகம் கிடைக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

மூன்றாவது, விளக்கப்படம். பாதி நேரத்தை இதற்கே ஒதுக்க வேண்டும். பெரும்பாலானோர் தடுமாறுவதும் இங்கேதான்.

இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘இடது வெண்ட்ரிக்கிள்’ என்ற பெயர் பக்கத்தின் வலப்புறம் இருக்கும். சிலர் அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள். பலர் கவனிக்காமலே மாற்றி எழுதுகிறார்கள். எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பதுபோல அந்தப் படம் வரையப்பட்டிருக்கிறது. இதை வாயால் விளக்கத் தேவையில்லை. படம் வெளியே தெரியும்படி புத்தகத்தைத் திருப்பி மார்பின்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். இடது வெண்ட்ரிக்கிள் பிள்ளையின் இடப்பக்கத்துக்கே வந்துவிடும்.

அடுத்து நிறம். தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று மனப்பாடம் செய்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “இந்தப் படத்தில் நீல நிறத்தில் ஒரு தமனி இருக்கிறது. எது, ஏன்?” பென்சில் முனையால் அம்புக்குறியைப் பின்பற்றினால் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனிக்கு வந்து சேர்வார்கள். காரணம் படத்தில் இல்லை, பத்தியில் இருக்கிறது: அந்தத் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. நேர்மாறான காரணத்தால் நுரையீரல் சிரை சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலில் உண்மையில் நீலமாக இல்லை, கருஞ்சிவப்புதான் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீல இரத்தம் மனதில் நின்றுவிடும்.

படத்திலிருந்து பத்திக்கு, பத்தியிலிருந்து மீண்டும் படத்துக்கு: இந்தப் போக்குவரத்துதான் கற்றுத்தர வேண்டியது. பார்த்து வரைந்து வண்ணம் தீட்டச் சொல்வதில் இது நடப்பதே இல்லை. அதில் செலவாகும் ஒரு மணி நேரத்தில் இப்படிப்பட்ட நான்கு கேள்விகளை முடித்துவிடலாம்.

நான்காவது, அட்டவணை. எண்களுக்குப் போகுமுன் நிரல்களின் தலைப்பையும் அலகையும் உரக்கப் படிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிறகு கோள்கள் அட்டவணையைக் காட்டி, “வெள்ளிக் கோள் தன்னைத் தானே ஒருமுறை சுற்ற அதிக நாள் ஆகுமா, சூரியனைச் சுற்றவா?” என்று கேட்கலாம். தன்னைத் தானே சுற்ற ஏறத்தாழ 243 புவி நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை மற்றக் கோள்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிவிடும்.

‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டிகளை அந்தப் பகுதியைப் படித்து முடித்த பிறகே தொட வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. படங்களின் கீழுள்ள வரிகளைத் துண்டுத்தாளால் மறைத்துவிட்டு, பிள்ளைகளையே எழுதச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘இதயம்’ என்று எழுதினால் ஏற்கக் கூடாது. படத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் அந்த வரியில் இருக்க வேண்டும். பிறகு தாளை எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் மட்டும் ஏன் தடிமனாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், விடையைச் சொல்லாமல் பத்தியைத் தேட விட வேண்டும்.