லப்டொப் வாங்குமுன் ரெம்மைக் கேளுங்கள்

புரோகிராமிங் படிக்கும் பிள்ளைக்கு லப்டொப் வாங்கப் போகும் வியாபார நண்பர்கள் என்னிடம் கேட்பது, "எத்தனை ஜீபி போதும்?" என்பதைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விளம்பரத்தில் 512 ஜீபி என்றிருப்பது சேமிப்பகம். அது நமது ஸ்டோர். ரெம் எனும் நினைவகமோ கடையின் மேசை. ஸ்டோர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேசை சிறிதென்றால் வியாபாரம் மெதுவாகத்தான் நடக்கும்.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ரெம் 4 ஜீபி. அதில் புரோகிராமிங் செய்வது சிரமம். பைதன், இணையப் பக்கம் அமைத்தல் போன்றவற்றைக் கற்க 8 ஜீபி போதும். அன்ட்ரொயிட் ஸ்டூடியோவில் கைத்தொலைபேசிச் செயலி செய்து, எமியுலேட்டரில் இயக்கிப் பார்ப்பவருக்கு 16 ஜீபி வேண்டும். கற்கத் தொடங்கும் மாணவருக்கு 32 ஜீபி வீண் செலவு.

இனித்தான் முக்கிய விடயம். மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் ரெம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. இன்றைய மெக்புக்குகளும் அப்படியே. ஆகவே பணம் கொடுக்குமுன், "ரெம் கூட்டலாமா? ஸ்லொட் இருக்கிறதா?" எனக் கேளுங்கள். இருந்தால் இன்று 8 வாங்கி, தேவை வரும்போது கூட்டலாம். இல்லையென்றால் முதலிலேயே 16 வாங்குங்கள். இரண்டு வருடத்தில் இன்னொரு லப்டொப் வாங்குவதைவிட அது இலாபம்.